தரவரிசை எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? யுடிஎம்மை அளந்து பார்ப்போம்

"யுடிஎம் நல்ல பல்கலைக்கழகமா சார்?" தேர்ச்சி அறிக்கை வாங்க வரும் பெற்றோர் அறிவியல் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தம்போய் வட்டாரத்தில் வசிக்கும் உங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் புதிதல்ல. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் அதன் நுழைவாயில் வந்துவிடும். செனாய்க்கும் கூலாய்க்கும் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த வாயிலுக்குள் என்ன கற்பிக்கிறார்கள், நம் பிள்ளை அங்கே போக இன்று எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை.

"நல்ல பல்கலைக்கழகமா?" என்பது அளவீடு பற்றிய கேள்வி. எதை, எந்தக் கருவியால், எந்த அலகில் அளக்கிறோம் என்று தெரியாமல் அறிவியலில் பதில் சொல்ல முடியாது. இந்த வாரம் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை, அதாவது யுடிஎம்மை, அந்த முறையில் அளந்து பார்ப்போம்.

ஒரு வகுப்பறையிலிருந்து ஆயிரம் ஹெக்டருக்கு

யுடிஎம்மின் வேர் ஜோகூரில் இல்லை. 1904ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய ஒரு சிறிய தொழில்நுட்பப் பள்ளியிலிருந்து அது தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. பொதுப்பணி, ரயில்வே, நில அளவை ஆகிய இலாகாக்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளர்களைப் பயிற்றுவிப்பதே அதன் வேலை. சாலையும் தண்டவாளமும் போட நம் முன்னோர் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சாலையை அளந்து வரைபடம் போடும் ஆள்களை உருவாக்கும் இடமாக அது இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், அந்தப் பள்ளி தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்தது. 1972 மார்ச் 14ஆம் நாள் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1975 ஏப்ரல் 1ஆம் நாள் யுடிஎம் என்ற இன்றைய பெயர் வந்தது. ஸ்கூடாய் வளாகம் 1985ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதன் பரப்பளவு ஆயிரம் ஹெக்டருக்கும் அதிகம். ஒரு கால்பந்து திடல் முக்கால் ஹெக்டருக்கும் குறைவு என்றால், அங்கே எத்தனை திடல் அடங்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கோலாலம்பூர் வளாகமும் இன்றுவரை இயங்குகிறது. 2010ஆம் ஆண்டில் நாட்டின் ஐந்தாவது ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற தகுதியை யுடிஎம் பெற்றது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. தொடக்கம் முதலே இது கட்டுபவர்களுக்கும் அளப்பவர்களுக்குமான இடம். அந்தக் குணம் இன்றைய பாடத்திட்டத்திலும் தெரிகிறது.

என்ன படிக்கலாம், என்ன படிக்க முடியாது

கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல், மின் பொறியியல், இரசாயன மற்றும் எரிசக்திப் பொறியியல், கணினியியல், அறிவியல், கட்டடக்கலையும் நில அளவையும், நிர்வாகம், கல்வியியல் எனப் பல துறைகள் இங்கே உண்டு. இவற்றுக்குள் விமானவியல், கப்பல் கட்டுமானம், பெட்ரோலியம், உயிர்மருத்துவப் பொறியியல், அணுசக்திப் பொறியியல் போன்ற உட்பிரிவுகளும் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 2 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு, நாட்டின் முதல் செயற்கை நுண்ணறிவுப் புலம் யுடிஎம்மின் கோலாலம்பூர் வளாகத்தில் அமைந்தது.

இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். யுடிஎம்மில் மருத்துவப் புலம் கிடையாது. டாக்டர் ஆக வேண்டும் என்று மட்டுமே நினைக்கும் பிள்ளைக்கு இது சரியான முகவரி அல்ல. ஆனால் டயாலிசிஸ் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, செயற்கைக் காலை எப்படி வடிவமைப்பது என்று கேட்கும் பிள்ளைக்கு இது மிகச் சரியான முகவரியாக இருக்கலாம். நம் வீடுகளில் இந்த இரண்டு ஆர்வங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

துறைப் பெயர்களை மட்டும் படித்தால் மனத்தில் ஒன்றும் நிற்காது. அங்குள்ள நான்கு ஆய்வுக்கூடங்களைப் பார்த்தால் புரியும்.

முதலாவது, காற்றுச் சுரங்கம். விமானம் நிற்கும் காற்றில் பறந்தாலும், நிற்கும் விமானத்தின் மீது காற்றை வீசினாலும் விசைகள் ஒன்றே. இந்தச் சார்பு இயக்கக் கொள்கைதான் காற்றுச் சுரங்கத்தின் அடிப்படை. யுடிஎம் சுரங்கத்தின் சோதனைப் பகுதி 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்டது. காற்றின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வரை போகும். விமான மாதிரிகளை மட்டுமல்லாமல் கார், கட்டட மாதிரிகளையும் இப்படிப்பட்ட சுரங்கத்தில் சோதிக்கலாம்.

இரண்டாவது, 120 மீட்டர் நீளமுள்ள கப்பல் சோதனைத் தொட்டி. ஒரு கப்பலின் சிறு மாதிரியைச் செய்து, இந்தத் தொட்டியில் இழுத்துச் சென்று தடுப்பு விசையை அளக்கிறார்கள். 25 மடங்கு சிறிய மாதிரியை எந்த வேகத்தில் இழுப்பது? 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதற்கு விடை கண்டார். அலைகள் ஒரே மாதிரி எழ வேண்டுமானால், நீளம் 25 மடங்கு குறையும்போது வேகம் அதன் வர்க்கமூலமான 5 மடங்கு குறைய வேண்டும். வினாடிக்கு 10 மீட்டரில் போகும் கப்பலுக்கு, மாதிரியை வினாடிக்கு 2 மீட்டரில் இழுத்தால் போதும். படிவம் 1இல் படித்த வர்க்கமூலம் கப்பல் கட்டும் இடம் வரை கூடவே வருகிறது. பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலெப்பாசிலும் துறைமுகம் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது அவசியமான கல்வி.

மூன்றாவது, உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடம். மலேசியா உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஒரு சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். அது பாயும் நேரம் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதிதான். அந்தத் தாக்குதலைச் செயற்கையாக உருவாக்கி, மின்கம்ப இன்சுலேட்டர்களும் இடிதாங்கிகளும் தாங்குமா என்று சோதிப்பது இத்தகைய கூடங்களின் வேலை.

நான்காவது, சவ்வுத் தொழில்நுட்ப ஆய்வு மையம். சவ்வு என்றால் இங்கே மிக நுண்ணிய துளைகள் கொண்ட செயற்கை வடிகட்டி. டயாலிசிஸ் செய்யும் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் உருளையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் சுமார் 0.2 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரத்தம் இழைக்குள் ஓடும். யூரியா போன்ற சிறிய மூலக்கூறுகள் சுவரிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கிவிடும். கடல்நீரைக் குடிநீராக்குவதும், தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் இதே வடிகட்டும் கொள்கையின் வேறு வடிவங்கள். இத்துறையில் செய்த ஆய்வுக்காக யுடிஎம் பேராசிரியர் அகமட் ஃபௌசி இஸ்மாயில் 2014ஆம் ஆண்டு மெர்டேக்கா விருது பெற்றார். பிறகு அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டன என்பதை நினைத்தால், இந்த ஆய்வு நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது தெரியும்.

153 என்ற எண் எதைச் சொல்கிறது?

இனி நற்பெயர். பெற்றோர் முதலில் தேடுவது தரவரிசையைத்தான். லண்டனில் இயங்கும் கியூஎஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் உலகப் பட்டியலில் யுடிஎம்மின் இடம் இப்படி இருந்தது: 2021 பட்டியலில் 187, 2022இல் 191, 2023இல் 203, 2024இல் 188, 2025இல் 181, 2026இல் 153.

இந்த எண்களை ஓர் அறிவியல் மாணவராகப் படியுங்கள். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தது நினைவிருக்கிறதா? ஒரு பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், விளைவுக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது.

2024 பட்டியலுக்கு முன் கியூஎஸ் நிறுவனத்தின் சூத்திரத்தில், கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்புக்கு 40 விழுக்காடு இருந்தது. முதலாளிகளிடம் எடுக்கும் கணிப்புக்கு 10, ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு 20, ஆய்வுக் கட்டுரைகள் பிறரால் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு 20, அயல்நாட்டு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தலா 5. 2024 பட்டியலில் இது மாறியது. கல்வியாளர் கருத்து 30ஆகக் குறைந்தது. முதலாளிகள் கருத்து 15ஆக உயர்ந்தது. ஆசிரியர் மாணவர் விகிதம் 10ஆகப் பாதியானது. நிலைத்தன்மை, பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, அனைத்துலக ஆய்வுத் தொடர்பு ஆகிய மூன்றும் தலா 5 விழுக்காட்டுடன் புதிதாகச் சேர்ந்தன.

இப்போது சொல்லுங்கள். 203இலிருந்து 188க்கு யுடிஎம் ஏறியபோது முன்னேறியது பல்கலைக்கழகமா, மாறியது அளவுகோலா? அந்த ஓர் ஆண்டை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டு மாறிகள் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. ஆனால் 188, 181, 153 ஆகிய மூன்றும் ஒரே எடைகளால் அளந்தவை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அந்த அளவுகோலின்படி ஏற்றம் உண்மையானது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கல்வியாளர் கருத்து 30, முதலாளிகள் கருத்து 15. மொத்தத்தில் 45 விழுக்காடு பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான். வகுப்பறையில் விரிவுரையாளர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை இந்தச் சூத்திரத்தில் எந்தப் பகுதியும் நேரடியாக அளக்கவில்லை. ஆசிரியர் மாணவர் விகிதம் அதற்கு ஒரு மறைமுக அறிகுறி. அதன் எடை 10 விழுக்காடு மட்டுமே.

இரண்டாவது, இடம் என்பது மதிப்பெண் அல்ல. ஒரு வகுப்பில் ஐந்து மாணவர்கள் 95, 80, 62, 61.8, 61.7 எடுத்திருந்தால் அவர்கள் 1 முதல் 5 வரை வரிசையாக நிற்பார்கள். முதல் இருவருக்கும் நடுவே 15 மதிப்பெண் இடைவெளி. மூன்றாமவருக்கும் ஐந்தாமவருக்கும் நடுவே அரை மதிப்பெண்கூட இல்லை. உலகப் பட்டியலின் நடுப்பகுதியிலும் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. ஓரிரண்டு இடம் ஏறுவதும் இறங்குவதும் செய்தியாகலாம். உங்கள் பிள்ளையின் முடிவுக்கு அது காரணமாக வேண்டியதில்லை.

1975ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் அளவீட்டையே இலக்காக வைத்து நிர்வாகம் நடத்தத் தொடங்கினால், அந்த அளவீடு தன் நம்பகத்தன்மையை இழந்துவிடும் என்பது அதன் சாரம். நமக்குப் புதிதா என்ன? தேர்வில் ஏ எடுப்பதே இலக்கானால், ஏ எடுத்த பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் தரவரிசையைத் துரத்தும் இன்றைய காலத்தில் இந்த எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

இதனால் தரவரிசை வீண் என்று நான் சொல்லவில்லை. வெப்பமானி காய்ச்சலை அளக்கும், ஆனால் எலும்பு முறிவைக் காட்டாது. அதற்காக வெப்பமானியைத் தூக்கி எறிவதில்லை. 153 என்ற எண், யுடிஎம் உலக அளவில் அறியப்பட்ட ஆய்வுப் பல்கலைக்கழகம் என்பதைச் சொல்கிறது. பொறியியல் பிரிவுக்கான தனிப் பட்டியலில் அதன் இடம் இன்னும் மேலே இருப்பது வழக்கம். அதற்கு மேல் அந்த எண்ணிடம் கேட்கக் கூடாது.

தரவரிசையில் இல்லாத முத்திரை

அப்படியானால் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்? பொறியியலைப் பொறுத்தவரை ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். இந்தப் பட்டப்படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா?

மலேசியாவில் பொறியாளராகப் பதிவு செய்ய 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். பிறகு குறைந்தது மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடித்தால் நிபுணத்துவப் பொறியாளர் ஆகலாம். பெயருக்கு முன்னால் 'ஐஆர்' என்று போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இந்தப் பாதையில் வந்தவர்கள்.

2009ஆம் ஆண்டில் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. இந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்றொன்று இணையானதாக ஏற்கின்றன. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் அதில் உண்டு. காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் நம் ஊரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரே இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவராகப் போவதற்கும், அதை வடிவமைப்பவராகப் போவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த முத்திரையில் தொடங்குகிறது.

இந்த முத்திரை பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படுகிறது. ஆகவே "யுடிஎம்முக்கு அங்கீகாரம் உண்டா?" என்று கேட்பது முழுமையான கேள்வி ஆகாது. "யுடிஎம்மின் இந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு இப்போது அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். பொறியியல் அல்லாத படிப்புகளுக்கும் தனியார் கல்லூரிப் படிப்புகளுக்கும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் பதிவேட்டில் தேடலாம். கல்விக் கண்காட்சியில் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்பணம் கட்டுவதற்கு முன், கைப்பேசியில் ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பார்த்துவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டு, பல ஆண்டுக் கடனோடு மட்டும் வெளியே வந்த பிள்ளைகள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள்.

கதவு மூடும் இடம் எது?

யுடிஎம்மின் கதவு எஸ்பிஎம் தேர்வு முடிவு வரும் நாளில் மூடுவதாக நாம் நினைக்கிறோம். பல பிள்ளைகளுக்கு அது அதற்கு முன்பே, படிவம் 3 முடியும் வேளையில், ஓசையில்லாமல் மூடிவிடுகிறது.

2020ஆம் ஆண்டு முதல் படிவம் 4இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. மாணவர்கள் பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுதந்திரம் கூடியிருக்கிறது. கூடவே, தெரியாமல் ஒரு பாடத்தை விட்டுவிடும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. மாணவர்கள் 'ஆட் மேட்ஸ்' என்று சொல்லும் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் 15 வயதில் விட்டுவிட்ட பிள்ளைக்கு, 18 வயதில் பொறியியல் பட்டப்படிப்பின் நேர்வழி அடைபட்டுவிடும். இரசாயனப் பொறியியலுக்கு வேதியியலும் வேண்டும். காற்றுச் சுரங்கம், கப்பல் தொட்டி, மின்னல், சவ்வு ஆகிய நான்கையும் திரும்பப் பாருங்கள். விசை, வர்க்கமூலம், மின்னோட்டம், மூலக்கூறு. எல்லாம் இந்தப் பாடங்களில் உள்ளவைதான்.

"கஷ்டம், அதனால் விட்டேன்" என்று மாணவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். கூடுதல் கணிதம் கஷ்டம்தான். முதல் தேர்வில் 30 மதிப்பெண் வாங்குவதும் நடக்கிறது. ஆனால் முதல் ஆறு மாதத்தில் வாங்கும் மதிப்பெண், அந்தப் பிள்ளையால் முடியாது என்பதற்கு ஆதாரம் ஆகாது. புதிய மொழி கற்கும்போது முதல் ஆறு மாதம் தடுமாறுவதில்லையா? மாணவர்களே, விட முடிவெடுப்பதற்கு முன் எந்தப் பட்டங்களின் கதவு அதனால் மூடும் என்று ஆசிரியரிடம் கேட்டு, தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்த பிறகும் விட விரும்பினால், அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

எஸ்பிஎம் முடித்தபின் யுடிஎம்முக்குப் போக ஒரே வழிதான் என்றும் நினைக்க வேண்டாம். மெட்ரிகுலேஷன் ஒரு வழி. ஜோகூரிலேயே தங்காக்கில் ஒரு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. எஸ்டிபிஎம் இன்னொரு வழி. மூன்று தவணைகள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. நமது பெற்றோர் சிலர் ஆறாம் படிவத்தைக் கடைசிப் புகலிடம்போல் பார்க்கிறார்கள். அது ஓர் அனைத்துலகத் தரமுள்ள தேர்வு, செலவும் மிகக் குறைவு. மூன்றாவது, டிப்ளோமா வழி. பொலிடெக்னிக்கிலோ, யுடிஎம்மின் தொடர்கல்விப் பிரிவான 'ஸ்பேஸ்' நடத்தும் டிப்ளோமாவிலோ சேர்ந்து, நல்ல தேர்ச்சியோடு பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்பிஎம்மில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்காத, ஆனால் கைவேலையில் கெட்டிக்காரரான பிள்ளைக்கு இந்த வழி மிகவும் பொருந்தும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளி 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் பிரிக்கப்படுகிறது. சனிக்கிழமை சாரணர் பயிற்சிக்கும் அறிவியல் கழகத்துக்கும் அனுப்பாமல் டியூசனுக்கு மட்டும் அனுப்பும் பெற்றோர் இந்தப் பத்தை மறந்துவிடுகிறார்கள். போட்டி கடுமையான துறைகளில் இடத்தை முடிவு செய்வது ஒன்று இரண்டு புள்ளிகள்தான். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா ஆகிய வழிகளில் பட்டப்படிப்புக்கு வருவோருக்கு மியூட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். அதற்கான தயாரிப்பும் படிவம் 4 வகுப்பிலேயே தொடங்குகிறது.

நம் மாநிலத்துக்கு இது ஏன் வேண்டும்?

2019 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ நச்சு இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். காற்றில் கலந்த வாயுக்களால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாள்களில் ஜோகூர் முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகள் எளியவை. அது என்ன வாயு? எவ்வளவு அடர்த்தி? எத்தனை கிலோமீட்டர் பரவும்? எப்போது பாதுகாப்பாகும்? இவற்றுக்குப் பதில் சொல்ல வேதியியலும் இரசாயனப் பொறியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் படித்தவர்கள் வேண்டும். கழிவை ஆற்றில் கொட்டாமல் தொழிற்சாலைக்குள்ளேயே சுத்திகரிக்கவும் அவர்கள்தான் வேண்டும்.

தம்போயைச் சுற்றியும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. ஸ்கூடாய் ஆறு நம் பக்கத்தில்தான் ஓடுகிறது. 2025 ஜனவரியில் ஜோகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரத்துக்கான ஒப்பந்தம் ஆனது. தரவு மையங்களும் அடுத்தடுத்து எழும்புகின்றன. ஒரு தரவு மையத்துக்கு மின்சாரமும் குளிரூட்டலும் தண்ணீரும் ஓயாமல் வேண்டும். அவற்றை வடிவமைக்கும் மேசையில் நம் பிள்ளைகள் உட்காருவார்களா, அல்லது வாயிற்காவலில் மட்டும் நிற்பார்களா என்பதை இன்று படிவம் 3இல் இருக்கும் பிள்ளைகளின் பாடத் தேர்வு ஓரளவு முடிவு செய்கிறது. வாயிற்காவல் வேலை தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

"யுடிஎம் நல்ல பல்கலைக்கழகமா?" என்ற கேள்விக்கு என் பதில்: பொறியியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் நாட்டின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. மருத்துவத்துக்கு அல்ல. உங்கள் பிள்ளைக்கு நல்லதா என்பதை உலகப் பட்டியல் சொல்லாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். அதற்கு மூன்று வேலைகள் போதும்.

ஒன்று, யுடிஎம்மின் இளங்கலைப் படிப்புகளின் பட்டியலை எடுத்து, பிள்ளைக்குப் பிடித்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நுழைவுத் தகுதியாகக் கேட்கும் பாடங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு, அந்த மூன்று படிப்புகளுக்கும் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று சரிபாருங்கள். மூன்று, அந்தத் தாளோடு பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அறிவியல் ஆசிரியரையோ போய்ப் பாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பேச வேண்டியவர் அவர்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்துக்குப் பள்ளியின் வழியாக ஒரு கடிதம் எழுதி, படிவம் 2, 3 மாணவர்கள் ஆய்வுக்கூடங்களைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். போக வர அரை நாள்கூட ஆகாத தூரம். பேருந்துச் செலவு ஒரு விருந்து நிகழ்ச்சிக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். 120 மீட்டர் தொட்டியில் ஒரு சிறு கப்பல் அலை எழுப்பிக்கொண்டு போவதை நேரில் பார்த்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்காது.